அக்கா குடித்த அதிரச சோடா

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு ஷெல்லி வாழைப்பழம் போட்டுச் சுட்ட ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி ஒரு டம்ளர் காபியை நீட்டினேன். அவள் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றாள். டீ? அதுவும் வேண்டாம். சரி, முதல் நாள் கூச்சம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் வந்தாள், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினாள், காபியைக் கண்டதும் அதே சிரிப்பு, அதே வேண்டாம். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று சென்னைப் பக்கத்து வாசகர்கள் கேட்கலாம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ‘கை நனைப்பது’ சாதாரண விஷயமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பங்காளிக்குள் சண்டை வந்தால் முதலில் நிற்பது பேச்சு இல்லை, தண்ணீர்தான். அதனால் மூன்றாம் முறை ஷெல்லி மறுத்தபோது, எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் நேராகவே கேட்டுவிட்டேன், நாங்கள் ஏதாவது தப்பு செய்தோமா என்று. அவள் பதறிப்போய், இல்லை இல்லை, இது நான் கொடுத்திருக்கும் வாக்கு என்றாள். யாருக்குக் கொடுத்தாய், உன் அப்பாவுக்கா என்று கேட்டேன். அவள் விழித்தாள். கடவுளுக்கு என்றாள். எங்கள் வீட்டைப் பற்றிக் கடவுளிடம் என்ன வாக்கு என்று நான் கேட்டதும், வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் விளங்கியது. அவளுடைய சபையைச் சேர்ந்தவர்கள் காபியும் டீயும் தொடுவதில்லை. இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

காபி இல்லாத மனிதர்கள் வேறு எதைக் குடிப்பார்கள் என்பதை அன்றே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள். சோடாக் கடை. ஊரில் டீக்கடை எப்படியோ அப்படி இங்கே சோடாக் கடை. காரிலிருந்து இறங்காமலே ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ளலாம். பெரிய கப் நிறைய ஐஸ், அதன் மேல் சிரப், அதன் மேல் சோடா, எல்லாவற்றுக்கும் மேலே கொழுத்த கிரீம். சிரப்பில் இல்லாத பலகாரம் இல்லை. கேக், பிஸ்கட், எலுமிச்சைப் பூரணம் வைத்த ‘பை’, தேங்காய் மிட்டாய், எல்லாவற்றையும் கரைத்து பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார்கள். கிரீம் சோடாவுக்குள் இறங்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தித்திப்பு மட்டும் பல் கூசும்.

கொஞ்ச நாளில் ஷெல்லி தன்னிடம் உபரியாக இருந்த சோடா மெஷின் ஒன்றையும், விருந்துக்கு வாங்கி மிஞ்சிய மூடி போட்ட கப்புகளையும் எனக்குக் கொடுத்தாள். வீட்டிலேயே செய்யலாமாம். அவர்கள் பலகாரத்தை அவர்கள் கரைத்தால் நம் பலகாரத்தை நாம் கரைக்கக்கூடாதா என்று எனக்கு வீம்பு. நான் வேலை செய்வது ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில். மூன்று மணிக்கு வந்துவிட்டால் பிறகு என் ராஜ்ஜியம்தான். கேசரி சோடா செய்தேன், நெய் மேலே மிதந்து விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அதை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, இனிமேல் கேசரியைக் கேசரியாகவே கொடு என்றார். பாலை ஊற்றினால் சில நேரம் திரிந்துவிடும், கொழுத்த கிரீம் திரியாது என்று இரண்டு லிட்டர் பாலைக் கொட்டிய பிறகு கற்றுக்கொண்டேன். குலாப்ஜாமூன் பாகில் ஏலக்காயும் பன்னீரும் கூட்டிச் செய்தது நன்றாக அமைந்தது. ஷெல்லி அதற்கு அடிமை. ஆனால் என் கை பேசியது அதிரச சோடாவில்தான். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, வறுத்த எள்ளை ஊறவைத்து இறுத்து, பாகு கையில் பிசுக்கென்று ஒட்டும் பதத்தில் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வந்துவிட்டால் ஐஸில் கட்டிக்கொள்ளும்.

அந்த ருசி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், அக்காவிடமிருந்து. அக்கா மாதம்மாள் என்னைவிட ஒன்பது வயது பெரியவள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், பிறந்த ஊரிலேயே மாமாவைக் கட்டிக்கொண்டு விவசாயம் பார்க்கிறாள். தீபாவளி தவறாமல் அவள் சுடும் அதிரசம் யாராவது ஒருவர் பெட்டியில் ஏறி எனக்கு வந்து சேர்ந்துவிடும். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் வரலாம். என் வீட்டிலிருந்து அவள் வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. அதுதான் அவள் செய்திருந்த சத்தியம்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு நான் ஆரோக்கியத்தைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனால் இரண்டு வீட்டுக் காடும் ஒரே ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். அப்பாவுக்கு அவர்கள்மேல் பகை ஒன்றும் கிடையாது. சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு ஒன்றாகப் போய் வந்தவர்கள். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் போய்விட்டேன் என்பதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை. என்னை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தில் அக்காவைத் தீர்த்தமலைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி, அவள் உள்ளங்கையால் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். எட்டு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்திருந்தால் பேத்தி முகத்தைப் பார்த்துக் கட்டாயம் இறங்கி வந்திருப்பார். சத்தியத்தை வாங்கியவர் போய்விட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க யாரிடம் போவது?

தர்மபுரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அக்கா முதன்முதலாக வந்த நாளில் எனக்கு இது தெரியாது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கினாள். வாய்வரை கொண்டுபோகாமல் கீழே வைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள், சொல்லி அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆரோக்கியம் முக்குக் கடைக்கு ஓடிப்போய், மூடி திறக்காத ஆரஞ்சுக் கலர் சோடா ஒன்றை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடைக்காரன் தண்ணிக்கு அப்பன் ஒன்னும் சொல்லலைங்க தம்பி” என்று சொல்லித் திறந்து குடித்தாள். அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குள் வழி. அவள் வரும்போதெல்லாம் கடைக் கலர், கடை முறுக்கு, கடை பன். சமைத்த சோற்றை நானும் அவரும் தின்போம், பக்கத்தில் உட்கார்ந்து அக்கா கலர் குடிப்பாள். சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருப்போம். அவள் பஸ் ஏறிய பிறகு காலிப் பாட்டிலைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில்தான் நான் அழுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா அமெரிக்கா வந்தாள். டல்லாஸில் இருக்கும் அவள் மகள் கவிதாவின் பிரசவத்துக்கு. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும், தங்கச்சியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, நான்கு நாளைக்கு என் வீட்டுக்கு வந்தாள். பெட்டியில் இரண்டு புடவை, மற்றதெல்லாம் அவல், பொட்டுக்கடலை, ஒரு எவர்சில்வர் கிண்ணம். நான் பத்து நாளாக அரைத்து வறுத்துப் பொடித்து வைத்திருந்தது எல்லாம் டப்பாவிலேயே கிடந்தது. அவள் கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவலை நனைத்து, சர்க்கரைகூட என்னிடம் கேட்காமல், தான் கொண்டுவந்த வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தின்றாள். பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளிக்கக்கூடப் பாட்டில் தண்ணீர்தான். குளிக்கப் போகும்போது மட்டும், “குளிக்கறதுக்கு அப்பன் தடை போடலை, நல்லவேளை” என்று சொல்லிச் சிரித்தாள். என் மகள் ஜெனிக்கு எதுவும் புரியவில்லை. பெரியம்மாவுக்கு உன் சமையல் பிடிக்காதா என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். கடல் தாண்டி வந்துவிட்டால் எல்லாம் விட்டுப்போகும் என்று சொல்கிறார்களே, அவர்களை என் சமையலறையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

வந்த முதல் நாளே அவளைச் சோடாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் சிரப் போட்ட ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். “கலருக்கு மேல பாலை ஊத்தி விக்கறானுங்களே, கெட்டிக்காரனுங்க” என்று ரசித்துக் குடித்தாள். அவள் கையில் இருந்த கப்பையும் மூடியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷெல்லி எனக்குக் கொடுத்த கப்புகள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். புத்தி அப்போதே கோணலாகப் போக ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

மூன்றாம் நாள் மதியம் நல்ல வெயில். அக்கா சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் ஓசைப்படாமல் முதல் நாளே காய்ச்சி வைத்திருந்த அதிரசப் பாகை எடுத்தேன். கப்பில் ஐஸ் போட்டு, பாகை ஊற்றி, என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஏற்றிய சோடாவை மெதுவாக விட்டு, கிரீமை மேலே சாய்த்து, மூடியை அழுத்தி ஸ்ட்ராவைச் செருகினேன். பிறகு கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்து, வெளியே இரண்டு நிமிஷம் நின்று, சத்தமாக மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். அக்கா விழித்தாள். என் கையில் கப்பையும் சாவியையும் பார்த்தாள். இந்த வெயிலில் எதற்கு இதற்காகப் போனாய் என்று கடிந்துகொண்டே வாங்கினாள். ஒரு வாய் உறிஞ்சியதும் நிறுத்தினாள்.

“அதிரசத்தக் கரைச்ச மாதிரி இருக்குதே சுமதி. இங்க யாரு இதைச் செய்யறது?”

“யாரோ நம்மூர்ப் பொம்பளை கடை வெச்சிருக்குதுக்கா.”

“பதம் தெரிஞ்சவ. செஞ்ச மகராசி நல்லா இருக்கட்டும், அவ கையி நல்லா இருக்கட்டும்.”

அவள் முழுவதையும் குடித்தாள். கடைசியில் ஐஸைக் குலுக்கி அடியில் இருந்ததையும் உறிஞ்சினாள். நான் தொட்டியில் இல்லாத பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருபத்து இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுத் தண்ணீர் என் அக்கா வயிற்றுக்குள் போயிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு ஜெனி பிறந்தபோதுகூட இருந்ததில்லை. சந்தோஷத்தோடு பயமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாள் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து, ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. இதை இத்தோடு விட்டுவிடு, யாரிடமும் சொல்லாதே என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் என் பேராசை. அக்கா கொடுத்த வாழ்த்து யாரோ ஒரு கடைக்காரிக்குப் போய்விட்டது, என் பேருக்கு வரவில்லை என்பது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஊரில் ஒரு குறையும் நடக்கவில்லை. கவிதாவின் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, அக்காவின் கிணற்றில் தண்ணீர் ஊறியது. சத்தியம் தானாகவே தளர்ந்துவிட்டது, சொன்னால் அக்காவும் சிரித்துவிடுவாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் போனில், அதிரசத்துக்கு அரிசி ஊறப் போட்டிருக்கிறேன், யாரிடம் கொடுத்தனுப்பட்டும் என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். அன்று நீ குடித்தது கடையில் வாங்கியது இல்லை அக்கா, நான் செய்தது என்று. கேட்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். சரி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு அதிரசம் வரவில்லை. போன் போட்டால் மாமாதான் எடுத்தார். மூன்றாம் முறை, மறைக்க மாட்டாமல், நடந்ததைச் சொன்னார். ஊறப் போட்ட அரிசியை அப்படியே மாட்டுக்கு வைத்துவிட்டாளாம். தனியாகப் பஸ் ஏறித் தீர்த்தமலைக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாளாம். அன்றிலிருந்து தித்திப்பை விட்டுவிட்டாளாம். டீகூட சர்க்கரை இல்லாமல்தான். மாமா என்மேல் கோபமாகப் பேசவில்லை. “அவளுக்குக் கொஞ்ச நாள் போவட்டும்மா, நீ மனசு விட்டுடாத” என்றார்.

இந்த ஜூன் மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். பெங்களூரில் இறங்கி நேராகக் காரிமங்கலம். அக்கா வாசலுக்கு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள். எப்போதும்போல விமானத்தில் தூங்கினாயா, ஜெனி என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள். அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எதிரில் நானும் உட்கார்ந்து உரித்தேன். பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது, அந்த இடத்துக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் நான்தான், என்னைத் திட்டித் தீர்த்துவிடு அக்கா, இப்படி இருக்காதே என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

“நீ ஏமாத்துனதுக்கு எனக்குக் கோவம் இல்ல கண்ணு. அது நல்லா இருந்துச்சு. ஊருக்கு வந்தும் நாக்குலயே நின்னுச்சு. மறுக்கா எப்ப குடிப்பேன்னு ஒரு வருசம் நெனச்சிக்கிட்டே இருந்தேன். அது உன் வூட்டுதுன்னு நீ சொன்னப்ப, அப்பனுக்குக் குடுத்த சத்தியம் போச்சேன்னு எனக்கு முதல்ல தோணலை. என் தங்கச்சி கையால குடிச்சிட்டேன்னுதான் தோணுச்சு. செத்தவருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவள் ஒரு கைப்பிடி அவரையை உரித்து முடித்துவிட்டு மேலும் சொன்னாள்.

“இனிமே நீ எது குடுத்தாலும், இது கடையிதா வூட்டுதான்னு நான் கேக்க வேண்டியிருக்கும். உன்னைப் போயி அப்படிக் கேக்க என்னால ஆவாது. அதனால நீ ஒன்னும் குடுக்காத. நானும் அங்க வர மாட்டேன். நீ இங்க வா, வந்து சாப்புடு.”

இருபத்து நான்கு வருஷமாக எங்களைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கடைக் கலர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடி திறக்காத பாட்டிலை அவள் நம்பவில்லை, அதைக் கொண்டுவந்து வைத்த என்னை நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் நான் ஒரு கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவளை என் வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டு, வாசல்வரை வந்துகொண்டிருந்தவளையும் இழந்தேன். சத்தியத்தை உடைத்தது நான், தித்திப்பை விட்டது அவள். இதை எந்தச் சாமியிடம் போய் நியாயம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் களி கிண்டினாள், அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். எனக்குத் தட்டில் போட்டு, குழி செய்து குழம்பை ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்தாள். அழுதுகொண்டேதான் தின்றேன். மிச்சம் வைக்கவில்லை. எழுந்து வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். எங்கள் பக்கம் வீட்டுப் பெண் தான் தின்ற தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள். வந்தவர்கள் தட்டைத்தான் வீட்டுக்காரர்கள் எடுப்பார்கள், அவர்களைத் தொட விடமாட்டார்கள். அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள். “குடு, நான் எடுத்துக்கறேன். நீ கையைக் கழுவு” என்றாள். குரலில் வெறுப்பு இல்லை, மரியாதைதான் இருந்தது. நான் கொஞ்ச நேரம் தட்டை விடாமல் நின்றேன். பிறகு விட்டுவிட்டேன்.

யூட்டா திரும்பிய மறுநாள் ஷெல்லி வந்தாள். ஊர் எப்படி இருந்தது, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். வெல்லப் பாகு காய்ச்ச மனம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பன்னீர் சிரப்பில் ஒரு சோடா செய்து கொடுத்தேன். மகன் கல்லூரி, மாமியார் முட்டி வலி என்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே குடித்தாள். குடித்து முடித்ததும் பேச்சை நிறுத்தாமலே எழுந்து என் தொட்டிக்குப் போய், கண்ணாடி டம்ளரைத் தேய்த்துக் கழுவி, துணியை எடுத்துத் துடைத்து, எந்த அலமாரியில் எந்த அடுக்கு என்று ஒரு கணமும் தேடாமல் அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். வை, நான் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு நுனி நாக்கு வரை வந்தது. சொன்னால் இவளும் விருந்தாளி ஆகிவிடுவாளே என்று பேசாமல் நின்றேன்.